பலகையில் இருந்த நாய்

நகரத்துக்கு நடுவே காலியாகக் கிடந்த நிலத்தில் ஒரு பெரிய பலகையை நட்டார்கள். அங்கே வரப்போகும் குடியிருப்பின் படம் அதில் இருந்தது. மரநிழலில் நடைபாதை, சைக்கிள்கள், காலாற நடக்கும் மனிதர்கள்.

அந்த நிலத்துப் புதரில் குடியிருந்த கீரி படத்தை மூலைக்கு மூலை தேடிப் பார்த்தது. "அண்ணே, இதுல நான் எங்கேயும் இல்லையே."

"நான் இருக்கேன்," என்றது அங்கேயே பிறந்து வளர்ந்த கறுப்பு நாய். படத்தின் மூலையில் ஒரு நாய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"அது வெள்ளையா இருக்கே."

"குளிப்பாட்டினா நானும் அப்படித்தான் இருப்பேன்."

"கழுத்துல கயிறு வேற இருக்கு."

நாய் பின்னங்காலால் தன் கழுத்தைச் சொறிந்துகொண்டது.

மறுநாள் நாய் பிடிக்கிற வண்டி வந்தது. சுருக்குக் கயிறோடு இரண்டு பேர் இறங்கினார்கள்.

"ஓடிடுண்ணே," என்று கீரி புதருக்குள்ளிருந்து கெஞ்சியது.

ஆனால் நாய் பலகைக்கு அடியில் போய், படத்தில் இருந்ததைப் போலவே கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டது.