கொடி ஏறினால் காவடி

"ஊசின்னு சொன்னாலே எனக்குத் தலை சுத்தும்மா. என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படி வேண்டிக்கிட்டீங்க?" என்று ஜெயராஜ் நூறாவது தடவையாகக் கேட்டான்.

கிள்ளானில் அந்தக் கிளினிக்கின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா பவுனம்மாள் அசரவில்லை. "உன் பொண்டாட்டி வயித்துல கொடி மேல ஏறிட்டா, என் மகன் அலகு குத்திப் பத்துமலை ஏறுவான்னு சொல்லியாச்சு. சொன்னது சொன்னதுதான்" என்றாள்.

ஜெயராஜ் பத்து டன் லோரியை ஒற்றைக் கையால் திருப்புகிறவன். பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட நர்ஸ் வந்த அன்று ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியவனும் அவன்தான். தைப்பூசத்துக்கு இன்னும் மூன்றே வாரம் இருந்தது.

எல்லாம் அவன் மனைவி ரமணியின் ஐந்தாம் மாத ஸ்கேனில் ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் முன்னால் நாலு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, பாத்ரூம் போகாமல் வரச் சொல்லியிருந்தார்கள். பிள்ளை முகம் பளிச்சென்று தெரியட்டுமே என்று ஜெயராஜ் பக்கத்திலேயே நின்று அதட்டி எட்டுத் தம்ளர் குடிக்க வைத்தான். வழியில் ஓர் இளநீரும் வாங்கிக் கொடுத்தான். அத்தனை செய்தும் வந்தது கெட்ட சேதி. நஞ்சுக்கொடி கீழே இறங்கி, கருப்பையின் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. எப்போது வேண்டுமானாலும் இரத்தம் போகலாம். படுக்கையை விட்டு எழக்கூடாது, பயணம் கூடவே கூடாது என்றார் டாக்டர் இராசேஸ்வரி.

அன்று மாலையே பவுனம்மாள் வேண்டிக்கொண்டாள். இரண்டு மாதமாகச் சமையல், துணி துவைப்பு எல்லாம் ஜெயராஜ்தான். அதுகூடப் பரவாயில்லை. ரமணியின் ஒரே தங்கச்சி கல்யாணம் டெங்கில் ஊரில் அவள் இல்லாமலே நடந்து முடிந்தது. அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதாள். "எவன் கண்ணு பட்டு எனக்கு இப்படி ஆச்சோ, அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்றாள். அந்தக் குரலுக்கு ஜெயராஜே பயந்துபோனான்.

இன்று இரண்டாவது ஸ்கேன். டாக்டர் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கொடி நன்றாக மேலே இருக்கிறது, இனி எழுந்து நடமாடலாம் என்றார். ரமணி அழுதபடியே சிரித்துவிட்டுப் பாத்ரூமுக்கு ஓடினாள். ஜெயராஜுக்கும் கண் கலங்கியது. இரண்டு மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. கண்ணைத் துடைத்த கை கன்னத்தில் பட்டதும் அலகு ஞாபகம் வந்தது.

"டாக்டர், இது சாமி ஏத்தினாத்தான் ஏறுமா, தானாவும் ஏறுமா?" என்று மெல்லக் கேட்டான். "தானா ஏறும்னா ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. அம்மாகிட்ட காட்டணும்."

"நிறைய பேருக்குத் தானா மேல போயிடும். ஆனா உங்க வைஃபுக்கு ஏறல."

"இப்பதானே டாக்டர் மேல இருக்குன்னீங்க?"

"இறங்கினாத்தானே ஏறும்?" டாக்டர் பழைய படத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "இந்தக் கறுப்பு முழுக்க மூத்திரப்பை. அளவுக்கு மேல நிரம்பிக் கருப்பையை அழுத்தியிருக்கு. அப்படி அழுத்தினா மேல இருக்கிற கொடிகூடக் கீழ இருக்கிற மாதிரிதான் தெரியும். பாத்ரூம் போயிட்டு வரச் சொல்லி நான் திரும்பப் பார்த்திருக்கணும். அன்னிக்குக் கூட்டம், விட்டுட்டேன். ஆமா, நாலு தம்ளர்தானே குடிச்சாங்க?"

"நாலுதான் டாக்டர். ரெண்டு தடவை."

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "வைஃபைக் கூப்பிடுங்க. நானே விஷயத்தைச் சொல்லி ஸோரி கேக்குறேன்."

"வேணாம் டாக்டர், நானே சொல்லிக்கிறேன்" என்று ஜெயராஜ் எழுந்தான். அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை. கொடி இறங்கவே இல்லை. இறங்காததை முருகன் எப்படி ஏற்ற முடியும்? வேண்டுதலும் இல்லை, அலகும் இல்லை. இதை வெளியே போய்ச் சொன்னால் போதும்.

வெளியே பெஞ்சில் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே உட்கார்ந்திருந்தார்கள். ரமணியின் கையில் தங்கச்சியின் கல்யாணப் படம் இருந்தது. அதை அவள் கைக்கு வந்த நாளிலிருந்து பையிலேயே வைத்திருக்கிறாள்.

"டாக்டர் என்னங்க சொன்னாங்க? எதனாலயாம்?" என்று கேட்டாள்.

ஜெயராஜ் அவளைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். பிறகு அம்மா பக்கம் திரும்பினான்.

"எல்லாம் முருகன் செயலாம்மா. அலகு ஒரு கன்னத்துல போதுமா, ரெண்டு கன்னத்துலயுமா?"