புண்ணியத்துக்கு ஒரு விலாசம்

ஒரு மனிதன் மரியாதையோடு இந்த உலகத்தைவிட்டுப் போக பதினெட்டாயிரம் யுவான். பெட்டி, உடுத்திவிடப் புதுத்துணி, தகனச் செலவு எல்லாம் அதில் அடக்கம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது.

பாவ்சூவுக்கு அது கொஞ்சம் கூடுதலாகப் பட்டது.

தைனான் நகரத்தில் நாற்பது வருஷமாகக் காய்ந்த இறாலும் கணவாயும் விற்பவள். தண்ணீர் தெளித்து எடை ஏற்றிய மூட்டையை வாசலிலேயே முகர்ந்து திருப்பி அனுப்புகிறவள். அநாதைப் பிணங்களுக்குப் பெட்டி வாங்கித் தரும் இந்தச் சங்கத்துக்கும் அதே மூக்கோடுதான் வந்திருந்தாள்.

மடியில் இருந்த பையில் நாலு லட்சத்து எண்பதாயிரம். அவளுடைய பணம் இல்லை. கடையில் தம்பி வென்தேயின் பங்கு.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்லாவில் கைவைத்து மாட்டிக்கொண்டு, அக்காவிடம் அறை வாங்கி, வாசல் இறங்கிப் போனவன். திரும்பவில்லை. கடைப் பத்திரத்தை மாற்ற வேண்டியிருந்ததால், அவன் இறந்துவிட்டதாக இந்த வசந்தத்தில் அவளே மனுப் போட்டுக் கோர்ட்டில் எழுதி வாங்கினாள்.

செத்தவன் காசைத் தின்னக் கூடாது. திருடனிடம் கொடுக்கவும் கூடாது. நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டால் மனசு ஆறும்.

மூன்று சங்கங்களை ஏற்கெனவே தள்ளியாயிற்று. ஒன்றில் செயலாளருக்குப் புதுக் கார். இன்னொன்றில் கணக்குக் கேட்டதும் தேநீர் வந்தது, கணக்கு வரவில்லை. மூன்றாவதில் வருஷ விருந்துக்கு முதல்தரக் கணவாய் வாங்கியிருந்தார்கள். விற்றது அவளேதான்.

இங்கே கணக்குப் பார்ப்பவர் லாய், வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கேட்ட மாத்திரத்தில் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டார்.

"பாருங்க முதலாளியம்மா. பார்த்துட்டு அந்தச் சுவரையும் பாருங்க."

சுவர் முழுக்க மஞ்சள் சீட்டுகள். காசு கொடுத்தவர்கள் தங்கள் கையாலேயே பேர், விலாசம், தொகை எழுதி ஒட்டியவை. விலாசம் இல்லாவிட்டால் புண்ணியத்தை எந்த வீட்டில் சேர்ப்பதென்று சாமிக்கு எப்படித் தெரியும்? வருஷக் கடைசியில் மொத்தமாகக் கொளுத்தி மேலே அனுப்பிவிடுவார்கள்.

மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அத்தனை சீட்டுகளும் ஒரு பெரிய மீனின் செதில்களைப் போல எழும்பி அடங்கின. ஊதுவத்திப் புகைக்குள் சுவரே மூச்சுவிட்டுத் தூங்குவது போலிருந்தது. வெளியே சத்தமில்லாத மழை.

பாவ்சூ மயங்குகிற ஆளா? கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தில் விரல் வைத்தாள். அந்த வரிக்கு உரிய சீட்டை லாய் சுவரில் காட்ட வேண்டும். ஆறு முறை வைத்தாள். ஆறும் இருந்தன.

ஏழாவது முறை விரலை எடுத்தபோது அடியில் இருந்தது அவள் பெயர்.

கோ பாவ்சூ. முந்நூறு யுவான்.

"அப்படி வாங்க வழிக்கு! நான் இந்த வாசப்படிய மிதிக்கிறதே இன்னைக்குத்தான். என் பேர்ல எப்படிய்யா முந்நூறு வந்துச்சு?"

லாய் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நீங்கதானா அது? கோவிக்காதீங்க. இன்னொருத்தர் பேர்ல புண்ணியம் போடுறது நம்ம ஊர்ல வழக்கம்தானே. வருஷம் தவறாம ஒரு ஆள் வந்து உங்க பேர்ல போட்டுட்டுப் போறார்."

"எனக்கா? என்கிட்ட தள்ளுபடி வாங்கினவனே இந்த ஊர்ல கிடையாது!"

"அவர் பேசமாட்டார். எழுதுவார், ஒட்டுவார், போயிடுவார்."

அவள் விலாசத்தைப் பார்த்தாள். கால்வாய்ச் சந்து, ஏழாம் எண்.

சாலையை அகலமாக்க, அக்காவும் தம்பியும் வளர்ந்த அந்த வீட்டை இடித்து இருபது வருஷமாகிறது. அடுப்பு இருந்த இடத்தில் இப்போது பேருந்து வந்து நிற்கிறது. வீடு போனது தெரியாத ஒருவன்தான் இன்னமும் அந்த விலாசத்தை எழுதுவான்.

தேதி போன மாதம். கோர்ட் தீர்ப்புக்கு ஐந்து மாதம் பிந்தி.

இவ்வளவு நேரமும் இந்தப் புத்தகத்தில் ஒரு பொய்யைத் தேடியவள், ஒரு பொய்கூட இருந்துவிடக் கூடாதே என்று பதறினாள். கணக்கு நிஜமென்றால் அவன் உயிரோடு இருக்கிறான்.

"அண்ணே, அந்தச் சீட்டு..."

லாய் எழுந்து சுவரோரம் போனார். செதில்கள் எழும்பின, அடங்கின. அவர் விரல் ஒவ்வொரு வரிசையாக இறங்கிக்கொண்டே வந்து, முழங்கால் உயரத்தில் நின்றது.

இருந்தது. தாள் கிழிகிற மாதிரி பேனாவை அழுத்தி எழுதும் கை. சின்ன வயதில் அவனுக்கு நோட்டு வாங்கிக் கட்டுப்படியாகாது.

பழைய புத்தகங்களை எல்லாம் எடுத்துவரச் சொன்னாள். இருபத்தொரு வரவு. எல்லாம் முந்நூறு; ஒரு வருஷம் மட்டும் ஐம்பது. அந்த வரியில் அவள் விரல் வெகுநேரம் நின்றது.

பிறகு ஒரு மஞ்சள் சீட்டு கேட்டு வாங்கினாள். பையைத் தொடவில்லை. தன் பர்ஸிலிருந்து முந்நூறு யுவான் எடுத்து மேசைமேல் வைத்தாள். நாலு லட்சத்துக்குக் காத்திருந்த லாய் ரசீது கிழித்தார்.

பெயர்: கோ வென்தே.

லாய் எட்டிப் பார்த்தார். "விலாசம் உங்க கடையோடதாச்சே?"

"பாதி அவனோடது. அந்தச் சீட்டுக்குப் பக்கத்துலயே ஒட்டுங்க. வருஷக் கடைசியில இதை மட்டும் கொளுத்தாதீங்க."

"சாமிக்குப் போய்ச் சேராதேம்மா."

"சாமிக்கு எழுதலைண்ணே."

கடைக்குத் திரும்பியதும் பேரேட்டில் வென்தே பெயருக்குப் புதுப் பக்கம் போட்டாள்.

பங்கு 4,80,000. அக்கா பெயரில் அவன் கட்டியது 6,050. அவன் பெயரில் இன்று கட்டியது கழிவு 300.

அவனுக்குத் தர வேண்டியது 4,85,750.