படத்துக்கு வெளியே

வெள்ளை அட்டையின் நடுவில் பத்திரிகைப் படத்தை ஒட்டிவிட்டு, அதைச் சுற்றி வரைய ஆரம்பித்தாள் 'அதெப்படி'.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எதைச் சொன்னாலும் அதெப்படி, அதெப்படி என்று கேட்டுக் கேட்டு, வகுப்பில் இதுவே நிலைத்துவிட்டது.

பத்திரிகைப் படத்தில் ஐந்தாம் வகுப்பே ஒரு கையில் புத்தகத்தோடு மறு கையைத் தூக்கி நிற்கிறது. நடுவில், நாலு பிள்ளைகளை மறைத்தபடி தலைமையாசிரியை. கீழே கொட்டை எழுத்தில்: 'செய்தியைக் கேள்வி கேட்கும் குட்டிச் சிந்தனையாளர்கள்!'

வகுப்பில் நிரந்தரமாக இருப்பது ஒரே ஒரு புத்தகம்தான். புகைப்படங்கள் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று சொல்வது. டீச்சர் சொந்தக் காசில் வாங்கியது. படத்துக்கு வெளியே என்ன இருந்தது என்று கேட்கச் சொல்லும் அதன் பாடம் பிள்ளைகளுக்கு உயிர்.

மற்ற அறிவு நூல்களெல்லாம் பூட்டிய அலமாரிக்குள். பிள்ளைகள் கைபட்டால் அழுக்காகிவிடுமாம்! பேப்பரில் பள்ளியின் பேர் வந்தால் சாவியைத் தருவதாகத் தலைமையாசிரியை வாக்குக் கொடுத்திருந்தார். அந்தச் சாவிக்காக டீச்சர் தலைகீழாகக்கூட நின்றிருப்பார்.

பேர் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், யோசிக்காமல், படத்துக்கு வெளியே இருந்ததை வரையச் சொல்லி இதே படத்தைப் பாடமாகக் கொடுத்துத் தொலைத்தார் டீச்சர்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை உள்ளே வந்தார், முகமெல்லாம் பூரிப்பாக. சுண்டுவிரலில் சாவி ஆடியது.

'அதெப்படி' அசரவில்லை. படத்துக்கு இடப்பக்கம், அலமாரிப் புத்தகங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள வெறும் பெட்டியோடு காத்திருக்கும் பியூனை வரைந்தாள். வலப்பக்கம், கையை இன்னும் உயரமாகத் தூக்கச் சொல்லிக் கத்தும் புகைப்படக்காரர். பக்கத்தில் கொட்டாவி விடும் நிருபர்.

நிருபரின் முதுகுக்குப் பின்னால், பிள்ளைகளைப் பார்த்தபடி, பெரிய வட்டக் கண்ணாடி போட்ட ஒரு முகம்.

டீச்சர் தன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். பள்ளியிலேயே வட்டக் கண்ணாடி அவருடையது மட்டும்தான்.

தலைமையாசிரியை குனிந்து பார்த்தார். பியூன் அவர் கண்ணிலேயே படவில்லை.

"அட, நம்ம டீச்சர்! அச்சு அசலா இருக்கே! ஆனா ஏம்மா, வாயில விரலை வெச்சிக்கிட்டு நிக்கிறாங்க?"

பதில் சொல்ல 'அதெப்படி' வாயைத் திறந்தாள்.

டீச்சரின் விரல் தானாக உதட்டுக்குப் போனது.