செவந்தியின் இடது கன்னம்

சூளையில் தீப்பட்டு என் மனைவி செவந்தியின் இடது கன்னம் வெந்துவிட்டது. இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் காயத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். படமெடுக்கப் பழகும் எங்கள் குழுவில் யோசனை கேட்டேன்.

"ஜன்னலோரமா உக்கார வைங்கண்ணே, வெளிச்சம் பக்கவாட்டுல விழட்டும்," என்றான் தையல்காரன் மரியதாஸ்.

அப்படியே எடுத்தேன். எந்தக் கேமராவும் இப்போது முகத்தில் குறையை விட்டுவைப்பதில்லை. ஒன்பது தடவை எடுத்தும் கன்னம் வழவழவென்றே வந்தது.

"மதினி சினிமாக்காரி மாதிரி இருக்காங்க," என்றான் மரியதாஸ்.

படத்துக்குக் கீழே, 'இடது கன்னம் வெந்திருக்கிறது' என்று எழுதி அனுப்பினேன். வந்த பதிலை எழுத்துக்கூட்டி அவளுக்கு வாசித்தேன்: "முகம் நலமாக உள்ளது. வரத் தேவையில்லை."

செவந்தி கன்னத்தில் ஈரத்துணியை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"இன்னொரு தடவ எடுங்க. இந்த வாட்டி நான் அழுவுறேன்."