மயில் மெச்சிய கோப்பை

மலைச்சரிவில் ஒரு மரநாய் தன் தோட்டத்துத் திராட்சையில் ஒயின் செய்து வந்தது. ஊர் ஊராகப் போய் ஒயின் ருசி பார்க்கும் மயில் ஒருநாள் அங்கே வந்தது. அது ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் போதும், காடே திரண்டு வரும். மரநாய் பீப்பாய்களைச் சுற்றிக் காட்டிவிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தது.

மயில் ஒவ்வொன்றையும் முகர்ந்து, கண்ணை மூடிச் சப்புக்கொட்டி, “புளிப்பு தூக்கல்”, “இன்னும் ஊறணும்” என்று ஒதுக்கியது. கடைசிக் கோப்பையைக் குடித்ததும் தோகையை விரித்தது.

“இதுதான் ஒயின்! எத்தனை வருஷம் ஊறினது?”

“ஐயா, அது வாய் கொப்பளிக்க வச்ச தண்ணிங்க. எங்க மலை ஊத்து. அதைக் குடிச்சுத்தான் எங்க கொடியெல்லாம் வளருது.” சொல்லும்போதே மரநாயின் நெஞ்சு நிமிர்ந்தது.

“அதைத்தானே நானும் சொல்றேன்,” என்றது மயில், தோகையை மடக்காமலே.