கோயில் மடுவில் விட்ட மீன்

வலை கரையேறியபோது அவள் படித்துறையின் மேல்படியில் நின்றிருந்தாள். இடுப்பில் மகள்.

வலையில் கெண்டை இல்லை. ஆரல் இல்லை. பேருக்கு ஓர் அயிரைகூட இல்லை.

மீசை வைத்த கறுத்த மீன்கள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெளிந்தன. தண்ணீரை விட்டு வெளியே வந்தும் சாக மனமில்லாமல் படியில் ஊர்ந்தன.

அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தெரியாமல் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.

தாமிரபரணியில் அந்தத் துறைக்குக் கோயில் மடு என்று பேர். அங்கே யாரும் தூண்டில் போடுவதில்லை, வலை வீசுவதில்லை. மீனெல்லாம் அம்மனுடையது. பொரி போட்டால் முண்டியடித்துக்கொண்டு வரும்.

இந்த ஆண்டு அம்மன் கொடைத் திருவிழாவில் போட்ட பொரி, தொட ஒரு வாயில்லாமல், மிதந்தபடி போயிற்று. மருத மரத்து நீர்க்காகங்களும் வேறு இடம் பார்த்துக்கொண்டன. ஊர் கூடிப் பேசி, அம்மனிடம் பூக்கட்டி உத்தரவு கேட்டு, முதல்முறையாக அங்கே வலையை இறக்கியது.

வலை போட்ட பலவேசம் ஒரு மீனின் வயிற்றைக் கீறினார்.

உள்ளே கெண்டைக் குஞ்சுகள். ஒரு தவளை. விரல் நகம் போல ஓர் ஆமைக் குஞ்சின் ஓடு.

எந்தப் பாவி இந்த ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கொண்டுவந்து ஆற்றில் விட்டானோ, அவன் விளங்குவானா என்றார். ஊரும் சேர்ந்து திட்டியது.

அவள் மகளை இறுக்கிக்கொண்டாள்.

கல்யாணமாகி வெகு காலம் வயிறு திறக்காமல் இருந்தபோது ஜோசியர் ஒரு பரிகாரம் சொன்னார். உயிருள்ள மீனை வாங்கி ஆற்றில் விட வேண்டும். ஒருவரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது.

சந்தையில் கெண்டையெல்லாம் ஐஸுக்கடியில் கிடந்தன. தொட்டியில் உயிரோடு துள்ளியது இந்த மீசை மீன் ஒன்றுதான். எங்கே கொண்டு போனாலும் லேசில் சாகாது என்றார் மீன்காரர். அதைக் கேட்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைதோறும் ஈரச்சேலையோடு வந்து, கும்பிட்டு, மீனை ஆற்றில் விட்டாள். வலை வராத இடமாகப் பார்த்து விட்டாள். அத்தனை அக்கறை.

பிள்ளை பிறந்த பிறகு ஒரே ஒருத்தியிடம் மட்டும் வாய்விட்டாள். நாத்தனார் கோமுவிடம். அவளுக்கும் பிள்ளை ஏக்கம் இருந்தது.

அந்தக் கோமு இப்போது படித்துறைக்கு வந்தாள். ஈரச்சேலை. இடுப்பில் மூடிய குடம். உள்ளே வால் அடிக்கும் சத்தம்.

கூட்டத்தைப் பார்த்ததும் கோமு கீழே இறங்கவில்லை. மேலத் துறையில் விட்டுவிட்டு வருவதாக அண்ணியிடம் கிசுகிசுத்தாள். முகம் கொள்ளாத சிரிப்பு.

போகட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் இவள் முதலில் நினைத்தாள்.

அப்படி நினைத்ததற்கு அவளுக்கே அவளைப் பிடிக்கவில்லை. மீனை விட்டது அறியாமல். இது அறிந்து.

"கோமு, அத ஆத்துல விட்டுராத. இங்க கெடக்கதெல்லாம் நான் விட்டதுதான்."

பலவேசத்தின் கத்தி பாதியில் நின்றது. ஊர் திரும்பிப் பார்த்தது. அவள் மேல்படியிலேயே குனிந்து நின்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பரிகாரமாவது ஒன்றாவது, எல்லாம் மூடத்தனம், ஒரு மீனைக்கூட நான் விட்டிருக்கக் கூடாது என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

கோமு படியில் நெளியும் மீன்களைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப இவ, மைனி?"