வடக்குச் சுவர்

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சுவரே தெரியல!"

படகுக்காரர் ரேடியோ நகர்ந்தார். நகர்ந்தவர் கோட்டைச் சுவரில் இருந்த இன்னொரு விரிசலுக்கு நேராகப் போய் நின்றுகொண்டார்.

"பக்கத்துல ஆள் நின்னாத்தானே மேடம், சுவர் எவ்வளவு உசரம்னு படத்துல தெரியும்? காலையில நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அதுக்காக எல்லாப் படத்துலயும் நீங்களேவா?" என்று சிரித்தபடி போட்டோக்காரப் பெண் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

அந்தப் படகுக்காரருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. படகுத்துறையில் எல்லோருக்கும் அவர் ரேடியோதான். மழை எப்போது வரும், காற்று எப்போது திரும்பும் என்று அவர் சொன்னால் சொன்னதுதான். இந்தத் தீவில் ஒரு மணி நேரத்துக்கு மூன்று முறை வானம் மாறும். பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். லென்ஸைத் துடைத்து மாட்டுவதற்குள் மூடுபனி வந்து பாறை, கோட்டை எல்லாவற்றையும் மறைத்துவிடும். அப்படிப்பட்ட இடத்துக்கு இருபது வருடமாகப் பயணிகளைக் கூட்டி வருகிறார். ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

அந்த ரேடியோ இன்று காலையிலிருந்து வாய் கூசாமல் பொய் வாசித்துக்கொண்டிருந்தது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. போன மாதம் பக்கத்துத் தீவுக்கு இதேபோல ஒருவர் கேமராவோடு வந்தார். இடிந்த கலங்கரை விளக்கத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு போனார். பத்தே நாளில் 'ஆபத்தான இடம், உள்ளே வரக் கூடாது' என்று பலகை வைத்துவிட்டார்கள். அங்கே படகு ஓட்டிக்கொண்டிருந்த ரேடியோவின் மச்சான் இப்போது மீன் பெட்டி சுமக்கிறான். நேற்று அரசாங்க ஆபீசிலிருந்து, "கோட்டையைப் படம் எடுக்க ஆள் வருது, கூட்டிட்டுப் போங்க" என்று போன் வந்ததும் ரேடியோவுக்கு அந்தப் பலகைதான் ஞாபகம் வந்தது. கோட்டையை மூடிவிட்டால் அவர் எங்கே போவார்? ஐம்பத்தெட்டு வயதில் பெட்டி தூக்க முதுகு ஒத்துழைக்குமா?

ஆகவே விடிந்ததும் தனியாக ஒரு நடை வந்து, கிழக்குச் சுவரின் பெரிய விரிசல்மேல் வலையைக் காயப்போட்டார். வாசலில் சரிந்து கிடந்த கற்களைத் தார்ப்பாயால் மூடினார். மூடமுடியாத இடங்களுக்கு அவரே இருக்கிறார். வடக்குச் சுவரை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதன் நிலைமை அப்படி. பயணிகளை அவர் அந்தப் பக்கம் அண்டவே விடுவதில்லை.

"வடக்குப் பக்கமும் பார்த்துடலாமா அண்ணே?"

"ஐயோ, வேண்டாம் மேடம்! பத்து நிமிஷத்துல பெருமழை பிடிக்கும். பாறையெல்லாம் வழுக்கும். போன வாரம்தான் ஒருத்தர் காலை ஒடிச்சுக்கிட்டார்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். "வெயில் இந்தப் போடு போடுதே?"

"அதான் மேடம் மோசம். இப்படி அடிச்சா நிச்சயம் வரும்."

கடலுக்குள் வந்துவிட்டால் படகுக்காரர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவள் கேமரா ஸ்டாண்டை மடக்கினாள். ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை அவருக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

"உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்சவங்க கூட வந்தா நிம்மதி அண்ணே. இல்லன்னா கேமராவோட மழையில மாட்டியிருப்பேன்."

இந்த நல்ல பெண்ணையா ஏமாற்றுகிறோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வயிற்றுப்பாட்டை நினைத்து மனதைக் கல்லாக்கிக்கொண்டு படகைக் கிளப்பினார்.

பாதி தூரம் வந்தபோது நிஜமாகவே வானம் கறுத்து, பொட்டு பொட்டாகத் தூறல் விழ ஆரம்பித்தது. காலையிலிருந்து பயந்து பயந்து கேட்காமல் விட்டதை, இனிமேல் என்ன என்ற தைரியத்தில் ரேடியோ கேட்டார்.

"இவ்வளவு படமும் எதுக்கு மேடம்?"

"பழுதுபார்க்கிறதுக்குத்தான் அண்ணே. கல்லு, சுண்ணாம்பு, கொத்தனார் எல்லாம் ஒரு நேரத்துல ஒரு தீவுக்குத்தான் அனுப்ப முடியுமாம். எது ரொம்ப மோசமா இருக்கோ அதுக்குத்தான் முதல்ல. அந்தக் கலங்கரை விளக்கத்துல அடுத்த வாரம் வேலை ஆரம்பிக்குது. அது முடியற வரைக்கும்தான் அந்தப் பலகை. கல்லு ஏத்திட்டுப் போகக்கூட அங்க பழைய படகுக்காரரைத்தான் தேடிக்கிட்டிருக்காங்க. அடுத்தது எந்த இடம்னு முடிவு பண்ணத்தான் என்னை அனுப்பினாங்க."

அவள் கேமராப் பையை மழைக்கு மறைவாக மடியில் அணைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு அந்தக் கவலையே இல்ல. கோட்டை எவ்வளவு உறுதியா இருக்கு! இன்னும் பத்து வருஷத்துக்கு இதைத் தொடவே வேண்டாம்னு எழுதிடப் போறேன்."

மழை வலுத்தது. ரேடியோ படகை அப்படியே ஒரு வட்டம் அடித்துத் திருப்பினார்.

"அண்ணே, என்ன பண்றீங்க? இந்த மழையில திரும்ப அங்கயா?"

"இதெல்லாம் ஒரு மழையா மேடம், இப்ப விட்டுடும்!" என்று இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினார் ரேடியோ. "வடக்குச் சுவர் ரெண்டாப் பிளந்து, விழட்டுமா வேண்டாமான்னு நிக்குது மேடம். வாங்க, நானே காட்டறேன்!"